நடுங்கும் நிலமும் நமது பண்டகசாலையும்

நமது சங்கத்தின் புதிய பண்டகசாலைக்கான திட்டமும் மதிப்பீடும் சென்ற மாதம் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட்டன. ஏலக்காய் மூட்டைகளுக்கு ஒரு பகுதி, நூல் பேல்களுக்கு ஒரு பகுதி, அதனையொட்டிச் சாயப்பட்டறை, அதற்கு நீராவி தரும் கொதிகலன் அறை என்று நான்கு பகுதிகளைக் கொண்ட கட்டடம் அது. மதிப்பீட்டில் இரண்டு இனங்களின் மீது யாரோ ஓர் அன்பர் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். சுவர்களின் தலைப்பில் சுற்றிலும் ஓட வேண்டிய கம்பிக் கான்கிரீட் பட்டை ஒன்று. மூலைகளில் அடித்தளம் முதல் கூரை வரை நிற்க வேண்டிய இரும்புக் கம்பிகள் மற்றொன்று. ஓரத்தில், "போடியில் பூமியதிர்ச்சி ஏது? நீக்கலாம்" என்ற குறிப்பும் இருந்தது.

அக்குறிப்பை எழுதியவர் மீது எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை. அங்கத்தினரின் பணத்தை அநாவசியமாகச் செலவிடலாகாது என்ற நல்லெண்ணமே அவரை எழுதச் செய்தது. காய் பறிக்கும் கூலியும் நூல் விலையும் ஏறி நிற்கும் காலத்தில் செங்கல்லையும் கம்பியையும் கணக்குப் பார்த்து வாங்குவதே முறை. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி விடையில்லாத கேள்வியன்று. அந்த விடையை அங்கத்தினர் அனைவரும் அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் நமது மலையைப் பார்ப்போம். போடிமெட்டு ஏறி அப்பால் இறங்கினால் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று நம்மவர் பலருடைய ஏலத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அந்த நெடுங்கண்டம் பகுதியில் 1988ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி 4.5 அளவுள்ள பூமியதிர்ச்சி உண்டாயிற்று. நெடுங்கண்டத்திற்கும் போடிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர் தூரமே. பிறகு 2000ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி காலை, மேற்கே ஈராற்றுப்பேட்டைப் பக்கத்தில் 5.0 அளவில் ஓர் அதிர்ச்சி. ஒரு மாதம் நிறைவதற்குள், 2001 ஜனவரி 7ஆம் தேதி, அதே பக்கத்தில் 4.8 அளவில் மற்றொன்று. டிசம்பர் மாதத்து அதிர்ச்சியின்போது எங்கள் வீட்டுப் பரணில் அடுக்கியிருந்த பித்தளைப் பாத்திரங்கள் கலகலத்ததும், பூனைதான் ஏறிவிட்டது என்று என் தாயார் விரட்டப் போனதும் இன்றும் நினைவில் நிற்கின்றன. 2011ஆம் ஆண்டிலும் இடுக்கி மாவட்டத்தில் சிறு நடுக்கங்கள் பல தோன்றின.

இவையெல்லாம் சிறியவை, ஓடு சரிந்தது, சுவர் விரிந்தது என்பதோடு போயின என்று கூறலாம். மெய்தான். ஆனால் தென்னாடு பெரிய அதிர்ச்சியையே கண்டறியாதது என்று கூறுவதற்கில்லை. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் உண்டான பூமியதிர்ச்சி ஏறத்தாழ 6 அளவுடையது என்று நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. அக்காலத்துக் கோயம்புத்தூரில் மாடிக் கட்டடங்கள் சில. பஞ்சாலைகள் தோன்றத் தொடங்கிய காலம் அது. அதே அதிர்ச்சி இன்று உண்டானால் அதன் விளைவு வேறு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

5 என்றும் 6 என்றும் எழுதும்போது வேறுபாடு ஒன்றுதானே என்று தோன்றும். அந்த அளவையின் கணக்கு நமது படிக்கணக்குப் போன்றதன்று. ஓர் எண் ஏறினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகிறது. ஆகவே பரணில் பாத்திரத்தைக் கலகலக்கச் செய்ததற்கும், பரணையே கீழே தள்ளுவதற்கும் இடையில் உள்ள தூரம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடக்கூடும்.

"இது அபாயம் குறைந்த பிரதேசம்" என்ற சொல்லை நாம் எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கு நமது தேசத்திலேயே இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை மேற்குத் தொடர்ச்சி மலையில், நமது மலைக்கு உடன்பிறப்பான மலையில், கட்டப்பட்டது. 103 மீட்டர் உயரமுடைய அந்த அணையில் 1962ஆம் ஆண்டு முதல் நீர் தேக்கப்பட்டது. அப்பகுதி உறுதியான பாறை நிலம், அங்கே பெரிய அதிர்ச்சிக்கு இடமில்லை என்றே அக்காலத்தில் எண்ணினர். 1967 டிசம்பர் 11ஆம் தேதி விடியுமுன் 6க்கு மேற்பட்ட அளவில் நிலம் அதிர்ந்தது. கொய்னா நகரில் வீடுகள் வீழ்ந்தன. ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். மின் உற்பத்தி தடைப்பட்டதால் தொலைவிலிருந்த பம்பாய் ஆலைகளும் துன்புற்றன. அணை உடையவில்லை, ஆனால் அதன் மேற்பகுதியில், கீழ்ப்புறச் சரிவு திடீரென மாறும் மட்டத்தில், நீண்ட விரிசல்கள் ஓடின. அந்த அணையைத் திட்டமிட்டவர்கள் பூமியதிர்ச்சியை மறந்தவர்களல்லர். அணையின் எடையில் இருபதில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளினாலும் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டே கட்டினார்கள். அணைக்குள் வைத்திருந்த கருவியோ அதனைப் போலப் பல மடங்கு அதிர்வைப் பதிவுசெய்தது. பிறகு பின்புறத்தில் கனமான முட்டுச்சுவர்கள் எழுப்பி அதனை உறுதிப்படுத்தினார்கள்.

அடுத்த சான்று 1993ஆம் ஆண்டினது. லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி அன்றைய தேசப் படத்தில் முதலாம் மண்டலத்தில், அதாவது அபாயம் மிகக் குறைந்தது என்று வகுக்கப்பட்ட மண்டலத்தில், இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் தேதி அதிகாலையில் 6.2 அளவுள்ள அதிர்ச்சியில் ஏறத்தாழ 10,000 மக்கள் உறக்கத்திலேயே மடிந்தார்கள். அவர்களைக் கொன்றது அவர்களுடைய வீட்டுச் சுவர்களே. ஒழுங்கற்ற கருங்கற்களை மண்ணிட்டு அடுக்கிய தடித்த சுவர்கள். மேலே வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் பொருட்டு ஆண்டுதோறும் மண் பூசிப் பூசிக் கனத்த கூரைகள். நமது மலையடிவாரக் கிராமங்களில் இத்தகைய சுவர்களைத் தேட வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டினாலும் தட்டுப்படும்.

இதன்பின் 2002ஆம் ஆண்டில் வெளிவந்த திருத்தப்பட்ட இந்திய நியமத்தில் முதலாம் மண்டலம் என்பதே எடுக்கப்பட்டுவிட்டது. இந்தியாவில் அபாயமே இல்லாத இடமென்று ஒன்றில்லை என்று நிபுணர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பதே அதன் பொருள். அந்தப் படத்தில் கேரள ராஜ்யம் முழுவதும் மூன்றாம் மண்டலத்திலும், தமிழ்நாடு இரண்டிலும் மூன்றிலுமாகவும் காட்டப்பட்டது. காகிதத்தில் மலைமுகட்டின்மேல் ஒரு கோடு வரைந்துவிடலாம். நிலத்தினடியில் வரும் அதிர்வு அக்கோட்டில் சீட்டுக் காட்டிவிட்டு நிற்பதில்லை.

இனி, கட்டடம் ஏன் விழுகிறது என்பதைப் பார்ப்போம். இதனை விளங்கிக்கொள்ளப் பொறியியல் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. வாரச்சந்தைக்கு மூட்டை ஏற்றிச் சென்ற மாட்டுவண்டியை நினைத்துக்கொண்டால் போதும். காளைகள் வெடுக்கென்று இழுத்தால் வண்டி முன்னே போகிறது. மேலடுக்கு மூட்டை பின்னே சாய்கிறது. அதனை யாரும் தள்ளவில்லை; அடியிலுள்ள தளம் நகர்ந்தது, அது தன்னிடத்திலேயே நிற்க முயன்றது, அவ்வளவே. பூமியதிர்ச்சியில் நிலமே வண்டி. சுவரும் கூரையும் மூட்டைகள். கனம் அதிகமானால் சாயும் விசையும் அதிகம். 10 டன் எடையுள்ள சுவரை, புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நிலம் பக்கவாட்டில் உலுக்கினால், ஒரு டன் எடை அச்சுவரைப் பக்கத்திலிருந்து தள்ளுவதற்கு அது சமம். நமது கல்சுவர்கள் மேலிருந்து வரும் பாரத்தை நூறாண்டு தாங்கும். பக்கத்திலிருந்து வரும் தள்ளலுக்கு அவை பழகியவையல்ல.

நான்கு சுவர்களும் தனித்தனியே ஆடினால் மூலைகளில் பிளந்து ஒவ்வொன்றாக வெளிப்புறம் சாயும். ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பெட்டிபோல் ஆடினால் நிற்கும். பெட்டியாக்குவதற்கு வேண்டிய கயிறுதான் சிவப்பு மை பட்ட அந்தக் கான்கிரீட் பட்டை. கதவு சன்னல்களின் தலைமட்டத்தில் ஒன்று, கூரை மட்டத்தில் ஒன்று, அடித்தளத்தின் மேல் ஒன்று என்று சுவர் முழுவதும் விடாமல் அது சுற்றிவர வேண்டும். வாசலுக்கு மேல் மட்டும் கான்கிரீட் இட்டுவிட்டு, "லிண்டல் போட்டாயிற்று" என்று சொல்வது பாதி இடுப்பில் மட்டும் அரைஞாண் கட்டியது போலாகும். மூலைகளில் நிற்கும் கம்பிகள் இப்பட்டைகளை ஒன்றோடொன்று தைக்கின்றன. கல்சுவராயின், சுவரின் இரு முகங்களையும் ஊடுருவிப் பிடிக்கும் நீண்ட கற்களை இடையிடையே வைக்க வேண்டும். இல்லையேல் வெளிமுகம் ஒருபுறமும் உள்முகம் ஒருபுறமுமாகப் பிரிந்துவிடும். கில்லாரியில் நடந்தது அதுவே. தூண் வைத்துக் கட்டும் கட்டடத்தில் தூண்கம்பியைச் சுற்றிப் போடும் வளையங்களை நெருக்கமாக இட்டு, அவற்றின் முனைகளை வெறுமனே மடக்கிவிடாமல் தூணின் உட்புறமாக வளைத்துச் செருக வேண்டும். கம்பி கட்டுபவர் ஒரு நாளில் செய்யும் வேலையில் இது கால்மணி நேரத்தைக்கூட அதிகமாக்குவதில்லை. ஆனால் பூச்சு பூசியபின் இதனை யாரும் பார்க்க இயலாது. ஆகையால்தான் பல இடங்களில் இது நடைபெறுவதில்லை.

பெரிய நிர்மாணத்தில் இதே தத்துவம் எவ்வாறு செயல்பட்டது என்பதற்கு நமக்கு மிக அண்மையிலுள்ள சான்று முல்லைப் பெரியாறு அணை. பென்னிகுக் துரையின் முயற்சியால் 1895ஆம் ஆண்டில் முடிவுற்ற அந்த அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையால் கட்டப்பட்டது. தன் எடையினாலேயே நீரின் தள்ளலை எதிர்த்து நிற்பது அதன் அமைப்பு. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும் மதுரைச் சீமையின் குடிநீரும் அதனை நம்பியிருக்கின்றன. பூமியதிர்ச்சி வந்தால் இந்தப் பழைய அணை தாங்குமா என்ற அச்சம் எழுந்து, 1979ஆம் ஆண்டில் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அதன்பின் மத்திய நீர்வளக் குழுமத்தின் யோசனைப்படி தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் மூன்று காரியங்கள் செய்தார்கள். அணையின் முடியில் கனமான கான்கிரீட் தொப்பி அமைத்தார்கள். முடியிலிருந்து அணையின் உடலைத் துளைத்து அடிப்பாறை வரை எஃகு வடங்களை இறக்கி, அவற்றை முறுக்கேற்றிப் பிணைத்தார்கள். பின்புறம் முழுவதும் கம்பிக் கான்கிரீட்டால் ஓர் அணைப்புச் சுவர் எழுப்பினார்கள்.

இம்மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்த எஃகு வடம். தொப்பியினால் எடை கூடுகிறது. நீரின் தள்ளலுக்கு எதிராக அது நன்மை. ஆனால் மேலே கனம் கூடினால், மாட்டுவண்டியின் மேல்மூட்டையைப் போல, அதிர்ச்சியின்போது பக்கவாட்டு விசையும் கூடுமல்லவா? வடமோ எடை சேர்க்காமலேயே அணையைப் பாறையோடு அழுத்திப் பிடிக்கிறது. வெற்றிலைக் கட்டை வாழைநாரால் இறுக்குவது போன்ற காரியம். நாருக்கு எடையில்லை, கட்டு மட்டும் குலைவதில்லை. இவ்வணையைப் பற்றி இரு ராஜ்யங்களுக்கிடையே நடந்த வழக்கின் வாதங்களுக்குள் இக்கட்டுரை புக விரும்பவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த உயர்நிலைக் குழு 2012ஆம் ஆண்டில் தன் அறிக்கையில் அணை பூமியதிர்ச்சி உட்பட எல்லா வகையிலும் பாதுகாப்பானது என்று கூறியதும், 2014 மே 7ஆம் தேதித் தீர்ப்பில் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த நீதிமன்றம் அனுமதித்ததும் யாவரும் அறிந்தவை. பழைய நிர்மாணத்தை இடிக்காமலும் வலுப்படுத்தலாம் என்பதே நமக்கு இங்கே வேண்டிய செய்தி.

எல்லாக் கட்டடத்தையும் அணையைப் போலப் பேணுவது இயலாது, தேவையுமில்லை. ஆனால் சில கட்டடங்கள் அதிர்ச்சிக்கு மறுநாள் காலையில் வேலை செய்தாக வேண்டியவை. 2001ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தன்று குஜராத்தில் 7.7 அளவில் நிலம் அதிர்ந்து 13,000க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, பூஜ் நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரியே இடிந்து வீழ்ந்தது. காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் வேளையில், அவர்களுக்குச் சிகிச்சை செய்ய வேண்டிய மருத்துவர்களும் தாதியரும் இடிபாடுகளுக்கிடையே இருந்தார்கள். நகரத்து மைதானத்தில் திறந்தவெளியில் சிகிச்சை நடைபெற்றது. அதே நகரில் புதிதாகக் கட்டப்பட்டு 2004ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆஸ்பத்திரிக்கு வேறு முறையைக் கையாண்டார்கள். கட்டடத்தை அடித்தளத்தின்மேல் நேரே வைக்காமல், நடுவில் ஈயம் பொதிந்த ரப்பர்த் திண்டுகளின்மேல் அமர்த்தினார்கள். நிலம் வேகமாக ஆடினாலும் ரப்பர் வளைந்துகொடுத்து, கட்டடத்தை மெல்ல அசையச் செய்கிறது. ஈயம் அந்த அசைவின் வேகத்தை உறிஞ்சி அடக்குகிறது. நியூஜீலந்து தேசத்தார் வளர்த்த வித்தை இது.

நம்மூர்ப் பண்டகசாலைக்கு ரப்பர்த் திண்டு கேட்கிறேன் என்று யாரும் அஞ்ச வேண்டாம். 2002ஆம் ஆண்டு நியமம் இதனை எளிய கணக்காகவே கூறியது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மின்நிலையம், தொலைபேசி நிலையம், தீயணைப்பு நிலையம் ஆகியவற்றைச் சாதாரண வீட்டுக்குக் கணக்கிடும் விசையைப் போல ஒன்றரை மடங்கு விசைக்குத் திட்டமிட வேண்டும் என்றது. கூட்டுறவுப் பண்டகசாலை அப்பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. எனினும் அதன் இடம் எது என்று எண்ணிப் பாருங்கள். அங்கே கிடப்பது ஒருவருடைய சரக்கன்று. மலையில் பறித்து, உலர்த்தி, தரம்பிரித்து, ஏலத்துக்குக் காத்திருக்கும் நூற்றுக்கணக்கான சிறு விவசாயிகளின் ஓராண்டு உழைப்பும், அதன் ஈட்டின்மேல் வாங்கிய கடனும் அங்கே இருக்கின்றன. அக்கூரை வீழ்ந்தால் விவசாயிக்குக் காயும் இல்லை. கடன் மட்டும் உண்டு. நெசவாளர் அங்கத்தினருக்கோ, பாவுக்கு நூல் கொடுக்கும் இடம் அது ஒன்றே. வீட்டுத்தறி குழித்தறியாதலால் அதிர்ச்சியில் சாய்ந்துவிடாது. ஆனால் நூலில்லாத தறியைச் சாயாத தறி என்று பாராட்டி என்ன பயன்?

தொழிற்கூடங்களில் கட்டடம் விழாமலிருந்தால் மட்டும் போதாது என்பது மற்றொரு பாடம். துருக்கி தேசத்தில் 1999 ஆகஸ்டு 17ஆம் தேதி இஸ்மித் பூமியதிர்ச்சியின்போது, அங்கிருந்த பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் மிக உயர்ந்த புகைபோக்கி ஒன்று முறிந்து உலைப்பகுதியின்மேல் வீழ்ந்தது. தொட்டிகளில் எண்ணெய் அலைமோதித் தீப்பற்றியது. நீர்க்குழாய்கள் உடைந்துபோனமையால் அணைப்பதற்கு நீரில்லை; நாட்கணக்கில் எரிந்தது. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி ஜப்பானில் டோக்கியோ, யோக்கஹாமா நகரங்களை அழித்ததும் பெரும்பாலும் தீயே. நண்பகல் சமையலுக்கு அடுப்புகள் மூண்டிருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது.

இவ்விரண்டையும் நமது ஊர் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஏலக்காய் உலர்த்தும் கூடத்தை நம் மக்கள் ஸ்டோர் என்பார்கள். அறுவடைக் காலத்தில் அங்கே இரவு முழுவதும் விறகு எரிகிறது. சூட்டைக் கொண்டுசெல்லும் இரும்புக் குழாய்கள் அறைக்குள் ஓடுகின்றன. அவற்றுக்கு மேலே தட்டுகளில் காய். குழாயின் ஓர் இணைப்பு பிரிந்தால் நெருப்புப் பொறி எங்கே போகும்? புகைபோக்கி பெரும்பாலும் இணைப்புக் கம்பி ஏதுமின்றிச் செங்கல்மேல் செங்கல்லாக நிற்கிறது. அது விழுந்தால் பக்கத்திலுள்ள கூரையின்மேல்தான் விழும். போடியில் இலவம் பஞ்சுக் கிடங்குகளும் உண்டு. இலவம் பஞ்சில் நெருப்புப் பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. சாயப்பட்டறையிலோ கொதிநீர்த் தொட்டிகளும் காரம், அமிலம் அடைத்த பாத்திரங்களும் ஒரே பலகையில் தோளோடு தோள் உரசிக்கொண்டிருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு பண்டகசாலையைப் பார்வையிட நேர்ந்தது, பெயர் வேண்டாம். நூல் பேல்களைக் கூரை முட்டும்வரை, சுவரில் சாய்த்தே அடுக்கியிருந்தார்கள். கணக்குப் புத்தகங்கள் அடங்கிய இரும்பு அலமாரி, வெளியேறும் ஒரே வாசலுக்கு அருகில், எதனோடும் பிணைக்கப்படாமல் நின்றது. மின்மாற்றி சக்கரங்களின்மேல் இருந்தது. சக்கரத்துக்கு ஒரு தடைக்கட்டைகூட இல்லை. "இவ்வளவு காலம் ஒன்றும் ஆகவில்லையே" என்றார் காவலாளி. அவர் கூற்றில் பிழையில்லை. ஆனால் அலமாரியை நான்கு திருகாணிகளால் சுவரோடு பிணைப்பதற்கும், மின்மாற்றியின் அடிப்பாகத்தைக் கான்கிரீட்டோடு முடுக்குவதற்கும், பேல்களைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் படிப்படியாக அடுக்குவதற்கும் ஆகும் செலவு, அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கும். கொதிகலனிலிருந்து செல்லும் குழாயைச் சுவரில் இறுகப் பதித்துவிடாமல், சிறிது வளைந்துகொடுக்கும் இணைப்பு வைப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. குழாய் ஒருபுறம் ஆட, கொதிகலன் மறுபுறம் ஆட, இரண்டுக்கும் நடுவிலுள்ள விறைத்த கழுத்துத்தான் முறிகிறது.

மலைச்சரிவில் கட்டுவோருக்கு ஒரு வார்த்தை. சரிவை ஒருபுறம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபுறம் கொட்டிச் சமனாக்கி, பாதிக் கட்டடத்தை வெட்டுநிலத்திலும் பாதியைக் கொட்டிய மண்ணிலும் நிறுத்துவது தோட்டங்களில் வழக்கம். மழையில் சரிவது ஒருபுறமிருக்க, அதிர்ச்சியில் கெட்டிநிலம் ஒருவிதமாகவும் கொட்டிய மண் வேறுவிதமாகவும் அசையும். இரண்டுக்கும் மேலுள்ள கட்டடம் சேருமிடத்தில் பிளக்கும். இடம் சிறிதானாலும் முழுவதும் வெட்டுநிலத்திலேயே நிறுத்துவது உத்தமம். சரிவின் கீழ்ப்புறத்தில் உயர்ந்த தூண்களும் மேற்புறத்தில் குட்டைத் தூண்களுமாக நிறுத்தினால் குட்டைத் தூண்களே முதலில் உடையும். உயர்ந்தவை வளைந்துகொடுக்க, குட்டையானவை விறைத்து நின்று பாரம் முழுவதையும் தம்மேல் வாங்கிக்கொள்வதே அதற்குக் காரணம்.

இத்தகைய கட்டட முறைக்கு அயல்நாட்டு நிபுணர் வரவேண்டுமோ என்று சிலர் கேட்கலாம். 1931ஆம் ஆண்டில் பலுசிஸ்தானத்தில் மாச் என்னுமிடத்தில் பூமியதிர்ச்சி உண்டாகி ரயில்வேக் கட்டடங்கள் சேதமடைந்தன. அப்போது ரயில்வேயில் பணியாற்றிய எஸ். எல். குமார் என்ற இந்தியப் பொறியாளர், அதிர்ச்சியைத் தாங்கும் வகையில் குவெட்டாவில் ஊழியர் குடியிருப்புகளைத் திட்டமிட்டார். தம் முறையை 1933ஆம் ஆண்டில் கட்டுரையாகவும் வெளியிட்டார். 1935 மே 31ஆம் தேதி குவெட்டா நகரமே தரைமட்டமாகிப் பல்லாயிரம் பேர் மாண்டனர். குமார் கட்டிய குடியிருப்புகள் நின்றன. அவர் கையாண்டவை செங்கல்லும் இரும்பும் சிமெண்டுமே. பண்டமன்று, பிணைப்பே அங்கே வேலை செய்தது.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. ஓரடுக்குச் சுவர்க் கட்டடத்தில் பட்டைகளும் மூலைக்கம்பிகளும் மொத்தச் செலவில் சில விழுக்காட்டுக்குள் அடங்கும். கட்டி முடித்தபின் அதே வலுவை ஏற்ற வேண்டுமானால், பூச்சை உரித்து, சுவரில் வலையடித்து, மறுபடி பூச வேண்டும். செலவு பன்மடங்காகும், சரக்கையும் அதுவரை வேறிடத்தில் வைக்க வேண்டும். நமது மதிப்பீட்டில் மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. முகப்பில் அலங்கார வளைவும் கைப்பிடிச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சாடிகளும் காட்டப்பட்டிருக்கின்றன. அதிர்ச்சியில் முதலில் தெருவில் போவோர் தலையில் விழுபவை அப்பூச்சாடிகள்தாம். அவற்றின்மீது ஏனோ சிவப்பு மை படவில்லை.

இந்த விவரங்களையெல்லாம் நிர்வாகக் குழுவின் முன் எடுத்துரைத்தபோது, கோடிட்ட அன்பரே முதலில் பேசினார். அவர் மலையில் மூன்று ஏக்கர் ஏலம் வைத்திருக்கும் விவசாயி. பேச்சில் சுற்றிவளைப்பு இல்லாதவர். "புதியதற்குப் பட்டை போட்டுவிடலாம், ஐயா. இன்று காய் முழுவதும் பழைய கிடங்கில்தானே கிடக்கிறது? அதற்கு என்ன வழி?" என்றார். அதற்குரிய பதிலை நான் ஆயத்தம் செய்துகொண்டு போயிருக்கவில்லை.

மறுநாள் காலை இருவருமாகப் பழைய கிடங்கிற்குச் சென்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். வடக்குச் சுவர் நடுப்பகுதியில் வெளியே இரண்டு விரற்கடை புடைத்திருக்கிறது. கூரைமரங்கள் சுவரின்மேல் வெறுமனே அமர்ந்திருக்கின்றன. பிணைப்பு ஏதும் இல்லை. முதற்படியாக அம்மரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டியால் பிணைப்பது, எதிரெதிர்ச் சுவர்களை இரும்புத் தண்டால் இழுத்துக் கட்டுவது, வடக்குச் சுவருக்கு வெளியே இரண்டு முட்டுச்சுவர் எழுப்புவது ஆகிய மூன்றையும் ஒரு பொறியாளரின் பார்வையில் செய்யலாம் என்று குறித்திருக்கிறோம். அதுவரை வடக்குச் சுவரையொட்டிய மூட்டைகளை அகற்றி நடுவில் அடுக்க உத்தரவாகியிருக்கிறது. புதிய பண்டகசாலையின் திட்டமும் பழையதன் பழுதுபார்ப்புக் குறிப்பும் சங்கக் காரியாலயத்தில் மேஜைமேல் வைக்கப்பட்டுள்ளன. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு முன், விரும்பும் அங்கத்தினர் வந்து பார்த்துத் தம் கருத்தை எழுதிவைக்கலாம். சிவப்பு மையும் அங்கேயே இருக்கிறது.